சியோலில் 90 நிமிடத் தூரிகை எழுத்து வகுப்பு: எதைப் பார்த்துச் சேர்வது?

வேப்பம்பூ:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் தொடக்கத்தில் நானும் தங்கை கயல்விழியும் ஐந்து நாள் சியோல் போகிறோம். ஒரு காலைப்பொழுதைக் கொரிய காலிகிராஃபி வகுப்புக்கு ஒதுக்க எண்ணம். இருவரும் தூரிகை பிடித்ததில்லை. கொரிய எழுத்தான ஹாங்குலை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

இன்சாதோங் பக்கம் மூன்று வகுப்புகளைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்று "சொயே", 90 நிமிடம், மை அரைப்பதில் தொடங்கிக் காகிதத்தில் எழுதுவதோடு முடிகிறது. இரண்டாவது "கேல்லிகிராபி", 60 நிமிடம், பிரஷ் பேனாவும் அஞ்சலட்டையும். மூன்றாவது 90 நிமிடத்துக்குள் எழுத்து, விசிறி, பெயர் முத்திரை மூன்றும் தருகிறது. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

எதில் சேரலாம்? ஒன்றரை மணி நேரத்தில் உண்மையில் எவ்வளவு கற்க முடியும்? தங்கையின் பெயரில் "ழ" இருக்கிறதே, அதை எப்படி எழுதுவார்கள்? ஊருக்குத் திரும்பிய பிறகும் பழகத் தூரிகை, மை வாங்கி வரலாமா?

மைக்கூடு:

முதல் வகுப்பில் சேருங்கள்.

கொரியாவில் இன்று சொயே என்றால் மரபான தூரிகை எழுத்து. தூரிகை, மைக்கட்டி, மைக்கல், காகிதம் ஆகிய நான்கையும் "அறையின் நான்கு தோழர்கள்" என்று சேர்த்துச் சொல்வார்கள். கேல்லிகிராபி என்ற சொல்லுக்கு அங்கே பொருள் சுருங்கிவிட்டது. படத் தலைப்பிலும் சோஜு மதுப் புட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் பார்க்கிறோமே, அந்த அலங்கார எழுத்துதான் அது. அதுவும் நல்ல கலைதான், ஆனால் பிரஷ் பேனாவில் மை தானாக இறங்கும், நுனியும் தானாக நிமிர்ந்துகொள்ளும். தூரிகையில் மையின் அளவு, கையின் அழுத்தம், நுனி இருக்கும் இடம் மூன்றையும் நீங்களேதான் கவனிக்க வேண்டும். கற்க வேண்டியது அந்த மூன்றுதான்.

மூன்றாவது வகுப்பில் நேரக் கணக்கே இடிக்கும். முத்திரைக்கு 20 நிமிடமாவது போகும். விசிறிக்கு ஒரே வாய்ப்புதான், தப்பினால் வேறு விசிறி இல்லை. அதன் குச்சிகள் காகிதத்துக்கடியில் வரம்பு போல நிற்பதால் தூரிகை ஒவ்வொரு வரம்பிலும் துள்ளும், கோடு துண்டு துண்டாக விழும். கை பழகியவர்களே குச்சிகளுக்கு இடைப்பட்ட பள்ளம் பார்த்துத்தான் எழுதுவார்கள். முதல் நாளில் அது வேண்டாம்.

பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த எழுத்து நடையில் சொல்லித் தருகிறார்கள்? ஒருவருக்கு எத்தனை பயிற்சித் தாள்? நடை என்ற கேள்விக்கு "பான்போன்சே" என்று பதில் வந்தால் உடனே சேரலாம். அரசர் செஜோங் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்ட ஹாங்குலின் முதல் விளக்க நூல் மரப்பலகையில் செதுக்கி அச்சிடப்பட்டது. அந்த அச்செழுத்தை ஒட்டியதுதான் பான்போன்சே. எல்லாக் கோடும் ஒரே பருமன், படுக்கைக் கோடு மட்டமாக, நிலைக் கோடு தூக்குக்குண்டு விட்டதுபோல, முனைகள் உருண்டையாக. அரண்மனைப் பெண்கள் கையில் வளர்ந்த "குங்சே" வேறு. நிலைக் கோட்டின் தலை பறவை அலகுபோலச் சாய்ந்து, வால் ஊசியாக மெலியும். பார்க்க அத்தனை அழகு, ஆனால் ஒரே கோட்டுக்குள் அழுத்தம் மூன்று முறை மாறும். அது மாதக்கணக்கில் பழகுவதற்கு உரியது. முதல் நாளே குங்சே எழுத வைக்கும் வகுப்பு உங்களை மாதிரியின்மேல் வரைய வைக்கிறது என்றுதான் அர்த்தம்.

தாள் கேள்வியும் முக்கியம். இரண்டு பேருக்குச் சேர்த்து நாலு தாள் என்றால் போதாது. ஒருவருக்குக் குறைந்தது பத்துத் தாள் வேண்டும்.

இனி அந்த 90 நிமிடம். மை அரைப்பதில் பத்துப் பதினைந்து நிமிடம் போகும். அதை வீண் என்று நினைக்காதீர்கள், தோள் தளர்வதே அங்கேதான். மைக்கல்லின் மேட்டில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, மைக்கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாக அரைக்க வேண்டும். அழுத்தினால் மணல்மணலாக வரும், தூரிகையில் ஏறாது. மைக்கட்டி போன தடம் உடனே மூடிக்கொள்ளாமல் ஒரு நொடி நின்றால் மை பதம். அரைத்து முடித்ததும் மைக்கட்டியைக் கல்லிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். அதில் புகைக்கரியோடு விலங்குப் பசையும் இருக்கிறது, காய்ந்தால் கல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

பிறகு கோடுகள். ஒரு படுக்கைக் கோட்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து நுனியைத் தாளில் வையுங்கள். போக வேண்டிய திசை வலது, ஆனால் முதலில் இடப்பக்கம் அரை சென்டிமீட்டர் தள்ளுங்கள். இதற்கு "யொகிப்", எதிர்த்து நுழைதல். அங்கே மெல்ல அமுக்கினால் தூரிகையின் வயிறு விரியும், நுனி கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். அப்படியே வலப்பக்கம் திரும்பி, மூச்சை விட்டுக்கொண்டே ஒரே வேகத்தில் இழுங்கள். முடிவில் நின்று, தூரிகையைச் சற்றுத் தூக்கி, வந்த வழியே அரை சென்டிமீட்டர் திரும்பி எடுங்கள். இதற்கு "ஹ்வெபோங்". இடையில் நுனி கோட்டின் நட்டநடுவில் ஓட வேண்டும், அதுதான் "ஜுங்போங்". பான்போன்சேயின் உயிரே இந்த ஜுங்போங்தான்.

தவறு எங்கே என்று கோடே சொல்லிவிடும். கோட்டின் ஒரு கரை வழவழப்பாகவும் மறு கரை ரம்பப் பல்போலவும் இருந்தால் நுனி ஓரத்தில் ஓடியிருக்கிறது. தூரிகை சாய்ந்துவிட்டது, நிமிர்த்துங்கள். தலையில் மட்டும் குண்டாக இருந்தால் அங்கே யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நடு மெலிந்தால் பயந்து தூக்கியிருக்கிறீர்கள். கோடு வில்போல வளைந்தால் முழங்கையை மேசையில் ஊன்றி மணிக்கட்டால் இழுத்திருக்கிறீர்கள். மணிக்கட்டு கதவுக் கீல் மாதிரி, வளைவுதான் போடும். தோளிலிருந்து கையை நகர்த்தினால்தான் நேர்கோடு வரும். சுற்றிலும் மை பரவினால் ஒன்று மை தண்ணீர், அல்லது தூரிகையை மைக்கல் விளிம்பில் வழித்து எடுக்கவில்லை. வழித்தும் பரவினால் தாளைப் புரட்டிப் பாருங்கள், சொரசொரப்பான பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஆசிரியர் வாயிலிருந்து அதிகம் வரும் சொற்கள் இரண்டு. "சொன்சொன்ஹி" என்றால் மெதுவாக. "ஹிம் ப்பெசேயோ" என்றால் கையின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். இந்த இரண்டும் தெரிந்தாலே வகுப்பில் பாதி விளங்கிவிடும். ஆசிரியரை "சொன்செங்னிம்" என்று அழைக்க வேண்டும். தூரிகையோ தாளோ வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்குங்கள்.

கோட்டுக்கு அரை மணி, வட்டத்துக்குப் பத்து நிமிடம், பெயருக்கு மீதி நேரம். ஒரு பெயரை நேராக, சமப் பருமனில் எழுதிவிட்டால் அந்த வகுப்பு நிறைவு. பழமொழி, கவிதை வரி எல்லாம் கேட்காதீர்கள்.

நாணல்:

மைக்கூடு சொன்னதுக்கு மேல கோட்டைப் பத்திச் சொல்ல எதுவும் இல்லை. பெயர் விஷயத்துக்கு வர்றேன்.

கயல்விழி பெயரை ஆங்கிலத்துல காட்டாதீங்க. பாஸ்போர்ட்ல "ழ"வுக்கு இசட்-எச் போட்டிருப்பாங்க. அதைப் பார்த்தா எந்தக் கொரிய ஆசிரியரும் கடைசி எழுத்தை "ஜி"ன்னுதான் எழுதுவார், பெயர் "கயல்விஜி" ஆயிடும். வாயால சொல்லிக் காட்டுங்க. ல, ள, ழ மூணுக்கும் அங்கே ஒரே எழுத்துதான், "ரியுல்". "ரி"ன்னு எழுதினாலும் "லி"ன்னு எழுதினாலும் அதே ரியுல்தான். "வ"வும் கிடையாது, "ப"தான் வரும். ஆகக் கயல்விழி, கா-யால்-பி-ரின்னு நாலு கட்டமா வரும், ஒரு அசைக்கு ஒரு கட்டம்.

அடுத்தது முதல் எழுத்து. வெளிநாட்டுப் பெயரை எழுதற அரசு விதிப்படி "க"வுக்குக் காற்று அழுத்தி ஒலிக்கற "கியுக்" போடுவாங்க. நம்ம "க"வுல அந்தக் காற்று இல்லை. "கியொக்"னு இன்னொரு "க" இருக்கு. காதுக்கு நெருக்கம்னா அதை ரெண்டா எழுதற இரட்டைக் கியொக்தான், ஆனா அதை எழுதினா கட்டம் நெரிசலாயிடும். சாதாரணக் கியொக் போதும்னு கேட்டுக்கலாம், ஒரு கோடும் குறையும். இன்னொரு நல்ல செய்தி: கொரியத்துலயும் நம்ம மாதிரியே உயிருக்கு நடுவுல வர்ற "க" தானா மென்மையா ஒலிக்கும். முருகன் என்ற பெயர்ல நடு "க"வை நாம எப்படிச் சொல்றோமோ அப்படியே அவங்களும் வாசிப்பாங்க. இந்த விஷயத்துல தமிழ்ப் பெயர் அங்கே சுலபமா உட்காரும்.

கோடு எண்ணிப் பார்த்தா, கியுக் போட்டு, வட்டத்தை ரெண்டு கோடாக் கணக்கு வெச்சா, "கா" 4, "யால்" 8, "பி" 5, "ரி" 4, மொத்தம் 21 கோடு. இதுல "யால்" கட்டம்தான் கஷ்டம். மேல வட்டம், பக்கத்துல ரெண்டு கிளையோட நிலைக் கோடு, அடியில பாய் மடிச்ச மாதிரி ரியுல். மேல்பாதியைப் பெருசா எழுதிட்டா ரியுலுக்கு இடம் இருக்காது, நசுங்கிப் போகும். கட்டத்தோட உயரத்துல பாதிக்குள்ள வட்டத்தையும் நிலைக் கோட்டையும் முடிக்கணும். அதனால வீட்ல கூப்பிடற மாதிரி "கயல்"னு மட்டும் எழுதச் சொல்லுங்க. ரெண்டு கட்டம், பெருசா எழுதலாம், எத்தனையோ தடவை திருப்பி எழுதிப் பார்க்கலாம்.

தமிழ் எழுதற கைக்கு ஒரு சாதகம், ஒரு பாதகம். சாதகம், வடிவம் கண்ணுக்குப் பழக்கம். ந ஒலிக்கற "நியுன்" நம்ம ட மாதிரியே இருக்கும். "பியுப்" பார்த்தீங்கன்னா ப-வோட நடுவுல ஒரு குறுக்குக் கோடு, ஒலியும் ப. சட்டுனு மனசுல நிக்கும். பாதகம், நாம சுழிச்சுச் சுழிச்சு எழுதிப் பழகினவங்க. மூலை வந்தா கை தானா வளைக்கும். நியுனோட மூலையில நின்னு, நுனியைக் கொஞ்சம் தூக்கித் திசையைத் திருப்பி, மறுபடி வெச்சு இழுக்கணும். வளைச்சுட்டே போனா மூலை மழுங்கி, எழுத்து வழுக்கி விழற மாதிரி தெரியும்.

வட்டத்தை ஒரே சுழியில போடவே கூடாது. இது தமிழ்க்காரங்க எல்லாரும் செய்யற தப்பு. தூரிகையில "இயுங்" ரெண்டு கோடு. உச்சியில வெச்சு இடப்பக்கமா அரைவட்டம் அடிவரைக்கும். மறுபடி உச்சிக்கு வந்து, முதல் கோட்டோட தலைமேலயே வெச்சு வலப்பக்கமா அரைவட்டம், அடியில முதல் வாலுக்குள்ள புதைச்சு முடிக்கணும். ஒரே சுத்தா சுத்தினா பாதி வட்டத்துக்கு மேல தூரிகை முறுக்கிக்கும், முடி பிரிஞ்சு மீதிப் பாதி சிலும்பும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. உயிரோட இருக்கறவங்க பெயரைச் சிவப்பு மையில எழுதறதைக் கொரியாவுல விரும்ப மாட்டாங்க. முத்திரை சிவப்பா இருக்கலாம், அது வேற. பெயரை எப்பவும் கருப்பு மையிலயே எழுதுங்க.

வேப்பம்பூ:

இருவருக்கும் மிக்க நன்றி. முதல் வகுப்புக்கே எழுதிக் கேட்டோம். பான்போன்சேதானாம், தாளுக்குக் கணக்கில்லையாம். இன்னும் சில விவரம் தேவைப்படுகிறது. தங்கைக்கு இடது கைப் பழக்கம். வகுப்பு ஹானோக் என்ற மரபான கொரிய வீட்டில், தரையில் உட்கார்ந்து எழுதுவது போலத் தெரிகிறது, எனக்கு முழங்கால் வலி. எழுதிய தாளைக் கசங்காமல் சென்னை வரை கொண்டுவருவது எப்படி? பொருள் வாங்குவது பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

பனையோலை:

இடது கை பற்றி முதலில். மரபான ஆசிரியர்கள் வலது கையால் எழுதத்தான் சொல்வார்கள், அதில் ஒரு காரணமும் இருக்கிறது. படுக்கைக் கோடு இடமிருந்து வலம் போகிறது. வலது கை தூரிகையை இழுக்கிறது, இடது கை தள்ளுகிறது. தள்ளும்போது முடி எதிர்த்து மடியும், நுனி நடுவில் நிற்காது. ஆனால் ஒரே ஒரு வகுப்புக்காகக் கையை மாற்ற வேண்டியதில்லை. பான்போன்சேயில் கோட்டின் இரு முனையும் ஒன்றுபோல இருப்பதால் இடது கையை அது பொறுத்துக்கொள்ளும், குங்சே பொறுக்காது. தூரிகையைச் சிறிதும் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்தால் தள்ளுவதும் இழுப்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மைக்கல்லை இடப்பக்கம் வைத்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை மை தொடும்போதும் ஈரத் தாளின் குறுக்கே கை போய்ச் சொட்டும். வலது கையையும் பத்து நிமிடம் முயன்று பார்க்கலாம். தூரிகை எழுத்து விரலால் அல்ல, தோளால் எழுதுவது. அதனால் பேனாவில் இருக்கும் அளவு தடுமாற்றம் இருக்காது.

முழங்கால் வலியை முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். மேசையும் நாற்காலியும் இருக்கும் அறை பல இடங்களில் உண்டு. நின்றுகொண்டும் எழுதலாம், பெரிய எழுத்துக்கு அதுவே நல்லது.

இனிப் பொருள்கள். தூரிகைக் கடைக்குப் "பில்பாங்" என்று பெயர். மெட்ரோவின் மூன்றாம் தடத்தில் ஆன்குக் நிலையத்தின் 6-ஆம் வாயிலில் இறங்கி இன்சாதோங் தெருவுக்குள் நடந்தால் வரிசையாக இருக்கும். வாசலில் தொங்கும் அலங்காரப் பெட்டித் தொகுப்பை வாங்காதீர்கள். அதில் பெட்டிக்குத்தான் காசு. தூரிகையின் முடி ஒட்டுப்போட்டதுபோல இருக்கும், மைக்கல் பொம்மை. உள்ளே போய்த் தனித்தனியாகக் கேளுங்கள்.

தூரிகையில் "கியொம்ஹோ" கேளுங்கள், அதாவது வன்முடியும் ஆட்டு முடியும் கலந்தது. தனி ஆட்டு முடி மெத்தென்று மை நிறையக் குடிக்கும், ஆனால் அமுக்கினால் நிமிராது, புதிய கைக்கு அடங்காது. முடி நீளம் 5 முதல் 6 செ.மீ., பருமன் 1.2 முதல் 1.5 செ.மீ. இருந்தால் உள்ளங்கை அகல எழுத்துக்குச் சரி. சிறிய தூரிகை சுலபம் என்று நினைத்துச் சின்னதை வாங்குவார்கள். அதில் விரலால் எழுதும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். புதுத் தூரிகையின் முடி பசையில் விறைத்திருக்கும். குளிர்ந்த நீரில் வைத்து விரலால் மெல்லக் கலைத்துப் பசையை முழுக்க எடுத்த பிறகுதான் மை தொட வேண்டும். வெந்நீர் கூடாது, அடிப்பிடியில் முடியைப் பிடித்திருக்கும் பசையும் இளகித் தூரிகை உதிரத் தொடங்கும். எழுதி முடித்ததும் சோப்பு போடாமல் கழுவி நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். சென்னை ஈரக்காற்றில் ஈரத் தூரிகையை மூடியோ உறையோ போட்டு வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். கூடவே வரும் பிளாஸ்டிக் மூடியை வாங்கிய அன்றே தூக்கிப் போடுங்கள்.

மைக்கல் கனமான சாமான். நல்ல கல் தெற்குச் சுங்சொங் மாநிலத்துப் போரியொங் பக்கத்து நாம்போவிலிருந்து வருகிறது. உள்ளங்கை அளவுக் கல் போதும், துணி சுற்றிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். மைக்கட்டியைக் கைப்பையில் கொண்டுவரலாம். புட்டி மை 100 மி.லி.க்கு மேல் என்றால் அதுவும் செக்-இன் பெட்டிக்குத்தான், இரண்டு பாலிதீன் பை போட்டு.

காகிதத்துக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். பயிற்சித் தாள் கட்டாகக் கிடைக்கும், 35 × 135 செ.மீ. என்பது வழக்கமான அளவு. இரண்டாக மடித்து வெட்டினால் பெயர் எழுதச் சரியாக இருக்கும். தாள் மல்பெரி வகை மரப்பட்டையில் கையால் செய்த ஹான்ஜியாக வேண்டும் என்றால் நான்கைந்து தாள் மட்டும் வாங்குங்கள். அது பழகிய கைக்குத்தான் பதில் சொல்லும். வகுப்பில் ஹான்ஜி தந்தால் கடைசிப் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்கடியில் விரிக்கக் கம்பளி விரிப்பு தேவை. அதை அங்கே வாங்க வேண்டியதில்லை, பழைய கம்பளிப் போர்வைத் துண்டு போதும். செய்தித்தாள் மட்டும் விரிக்காதீர்கள், மை கீழே இறங்கித் தாளோடு ஒட்டிக் கிழியும்.

எழுதியதைக் கொண்டுவருவது: எழுதி முடித்த உடனே சுருட்டாதீர்கள். தொட்டால் குளிர்ச்சி தெரியாத வரை, குறைந்தது அரை மணி காய வேண்டும். மேலே வெற்றுத் தாள் ஒன்றை வைத்து, எழுத்து வெளிப்பக்கம் வராதபடி தளர்வாகச் சுருட்டி அட்டைக் குழாயில் போடுங்கள். பில்பாங்கிலேயே குழாய் கிடைக்கும். முத்திரை குத்தியிருந்தால் அந்த இடத்தில் தனியாக மெல்லிய தாளை வையுங்கள். முத்திரைச் செம்பசை எண்ணெயில் குழைத்தது, மை காய்ந்து பல நாள் ஆன பிறகும் அது ஈரமாகவே இருக்கும், எதிரே பட்டதிலெல்லாம் ஒட்டும்.

சுருக்கங்கள் இருந்தால் கவலைப்படாதீர்கள். முறைப்படி அதைப் "பெஜொப்" செய்வார்கள், அதாவது கோதுமை மாவுப் பசையால் பின்னால் இன்னொரு தாளை ஒட்டி, பலகையில் விரித்துக் காயவிடுவது. சென்னை ஃப்ரேம் கடையில் கொடுத்தால் ஃபெவிகால் தடவி அட்டையில் ஒட்ட விடாதீர்கள், லேமினேஷனும் கூடாது. மேல்விளிம்பில் மட்டும் இரண்டு சிறு காகிதக் கீல் வைத்து, மவுண்ட் போட்டு, கண்ணாடி தாளில் படாமல் சட்டம் போடச் சொல்லுங்கள்.

மைக்கூடு:

பனையோலை எழுதியதில் ஒரே ஒரு சேர்க்கை. புட்டி மையை மைக்கல்லில் ஊற்றாதீர்கள். அதன் ரசாயனப் பிசின் கல்லின் நுண்பற்களை அடைத்துவிடும், பிறகு மைக்கட்டி வழுக்கும், அரையாது. புட்டி மைக்கு ஒரு பீங்கான் கிண்ணம் போதும். வீட்டில் தினமும் அரை மணி பழகப் புட்டி மைதான் வசதி, அதில் தவறில்லை. ஆனால் அரைத்த மையும் புட்டி மையும் தாளில் நடந்துகொள்வது வேறு. பின்னால் ஈரப் பசை தடவி ஒட்டும்போது பழைய புட்டி மை கசிந்து எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிழல் விடும். வைத்துக்கொள்ள விரும்பும் பிரதியை அரைத்த மையில் எழுதுங்கள்.

வகுப்புக்கு முன்னோ பின்னோ ஒரு நல்ல கோட்டைக் கண்ணால் பார்ப்பது மிகவும் உதவும். பின்னால் என்றால் இன்னும் நல்லது, கை ஒருமுறை தடுமாறிய பிறகுதான் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியும். அதே மூன்றாம் தடத்தில் தெற்கே நாம்பு பேருந்து முனையம் நிலையத்தில் இறங்கினால் சியோல் கலை மையம். அதற்குள்ளேயே தூரிகை எழுத்துக்கென்று தனி அருங்காட்சியகம் 1988 முதல் இருக்கிறது. காங்னாம் பக்கம் போவீர்கள் என்றால் போங்உன்சா கோயிலை விட்டுவிடாதீர்கள். அங்கே சுவடிப் பலகைகளை வைத்திருக்கும் மண்டபத்தின் முகப்பில் இரண்டே சீன எழுத்து, "பான்ஜொன்". கொரியத் தூரிகை எழுத்தின் பெரும்பெயர் கிம் ஜொங்ஹுய், சூசா என்ற புனைபெயரால் அறியப்படுபவர், 1856-ல் தம் 71-ஆம் வயதில் நோயோடு எழுதியது. அதே ஆண்டு இறந்துவிட்டார். பார்த்தவுடன் சின்னப் பிள்ளை எழுதியதுபோல இருக்கும். அருகில் போய்க் கோட்டின் தலையையும் வாலையும் பாருங்கள். எந்த இடத்திலும் நுனி வெளியே எட்டிப் பார்க்காது. நீங்கள் வகுப்பில் அரை மணி போராடிய அதே எதிர்நுழைவும் அதே திரும்புதலும்தான்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம். சூசொக் என்ற அறுவடைத் திருநாள் விடுமுறை சந்திரக் கணக்கில் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை எப்போது வேண்டுமானாலும் விழும். அந்த மூன்று நாளும் பில்பாங்குகள் பல மூடியிருக்கும். அக்டோபர் 9 ஹாங்குல் நாள், அரசு விடுமுறை, தூரிகை எழுத்து நிகழ்ச்சிகள் நிறைய நடக்கும், ஆனால் கூட்டமும் அதே அளவு. அமைதியான வகுப்புக்கு அதற்கு முந்தைய வாரநாள் ஒன்றைப் பிடியுங்கள். அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கள் விடுமுறை. 2025 ஜனவரியில் ஹாங்குல் தூரிகை எழுத்தைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்த பிறகு இதற்கான ஆர்வம் கூடியிருக்கிறது, அதனால் வகுப்பைப் புறப்படுவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

வேப்பம்பூ:

எல்லாம் குறித்துக்கொண்டோம். தங்கைக்கு "கயல்" இரண்டு கட்டம், சாதாரணக் கியொக். மை வைக்கும் இடத்தையும் மேசை நாற்காலியையும் கேட்டு எழுதிவிட்டேன். ஒன்றே ஒன்று: உடுப்பில் மை பட்டால் போகுமா?

நாணல்:

காய்ஞ்சா போகாது. அது சாயம் இல்லை, புகைக்கரித் தூள், நூலுக்குள்ள போய் உட்கார்ந்துடும். கருப்புல, கை இறுக்கமா இருக்கற டாப் போடுங்க. துப்பட்டா வேண்டாம், தொங்கற முந்தானையும் வேண்டாம், குனியும்போது நேரா மைக்கல்லுலதான் விழும். பட்டுட்டா தண்ணி ஊத்தித் தேய்க்காதீங்க, பரவும். முதல்ல டிஷ்யூவால ஒத்தி எடுங்க. அறைக்குப் போனதும் சூடு ஆறாத சோத்துப் பருக்கையைத் துணி சோப்புத் தூளோட சேர்த்துப் பிசைஞ்சு கறை மேல பூசி, விரலால ஒரே திசையில வழிச்சு எடுங்க. பசை கருப்பாகும், கழுவிட்டு மறுபடி புதுசாப் பூசுங்க. நாலஞ்சு தடவையில அரைச்ச மை பெரும்பாலும் வந்துடும், லேசான சாம்பல் நிறம் தங்கலாம். புட்டி மைன்னா அதுவும் சந்தேகம்தான்.